பழைய மோட்டார் போட்டுக்கு மாற்று பைபர் பாகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னை எர்ணாவூரில் ஒரு தகரக் கொட்டகையில் நானும் என் மைத்துனரும் பைபர் வேலை செய்கிறோம். கண்ணாடி இழையை ரெசின் என்ற திரவப் பிளாஸ்டிக்கில் நனைத்து இறுகவைத்துப் பாகம் செய்யும் வேலை அது. பெரும்பாலும் மீன்பிடி போட்டுகளுக்கு ஒட்டு வேலைதான். ஆனால் இரண்டு வருடமாக, மற்ற வேலைகளுக்கு நடுவே, ஒரு 19 அடி பழைய மோட்டார் போட்டைச் சீர்செய்து வருகிறோம். உள்ளே டீசல் எஞ்சின், நடுவில் ஸ்டீயரிங் மேசை, முன்னால் சாமான் அறை என்று அந்தக் காலத்தில் அக்கறையாகக் கட்டிய போட்டு. காசிமேட்டில் கரையோரம் கவிழ்ந்து கிடந்ததை வாங்கினோம். உடல் திடமாக இருந்தது. எஞ்சின் மூடி பாதி உடைந்திருந்தது, ஸ்டீயரிங் மேசை சிதைந்திருந்தது, முன் அறையின் மூடி காணவே இல்லை. இப்படிப்பட்ட பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது, நாமேதான் செய்துகொள்ள வேண்டும். போட்டைப் பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உடைந்த பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அளவெடுத்துப் புதிதாகச் செய்துவிடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். உடைந்த துண்டுதான் உங்கள் அளவுகோல், உங்கள் அச்சு, உங்கள் பாடப்புத்தகம். மூலை எவ்வளவு வளைந்திருந்தது, விளிம்பு எத்தனை அங்குலம், திருகு எங்கே, எத்தனை அடுக்கு மேட் (கண்ணாடி இழைப் பாய்) என்று எல்லாமே அதில் இருக்கிறது.

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். எஞ்சின் மூடி பாதி உடைந்திருந்தாலும் துண்டுகள் எல்லாம் கைக்குக் கிடைத்தன. அதைச் செய்து முடிக்க மூன்று வாரம் ஆனது. முன் அறை மூடியை யாரோ எப்போதோ குப்பையில் போட்டுவிட்டார்கள். பார்த்தால் வெறும் சதுர மூடி. அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. மேல்தளத்தில் இருந்த திறப்பு சதுரமாகவே இல்லை. இடது பக்கம் வலது பக்கத்தைவிட 8 மில்லிமீட்டர் நீளம், மேல்தளம் நடுவில் லேசாக மேடு. அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டி, மறுபடி வைத்து என்று நான்கு முறை மாதிரி செய்தோம். பழைய மூடியின் கால்வாசி கிடைத்திருந்தால்கூட அந்த வளைவு அதில் இருந்திருக்கும்.

சாக்கு மூட்டையில் கட்டி, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். திருகுகளைக்கூடப் போட வேண்டாம்.

எதைப் பழுது பார்ப்பது, எதைப் புதிதாக வார்ப்பது?

ஒரு நாணயத்தை எடுத்துப் பாகம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும். அடுக்கு பிரிந்த இடம், உள்ளே பலகை மக்கிய இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒன்றிரண்டு வட்டம் என்றால் பழுது பார்த்தாலே போதும். பாகம் முழுக்க வட்டமாக இருந்தால் அதை மாதிரியாக வைத்துப் புதிதாக வார்த்துவிடுங்கள்.

பழுது பார்ப்பதாக இருந்தால், உடைந்த விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமனைப் போல 12 மடங்கு அகலச் சரிவு. 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். ஓட்டையின் மேல் ஒரு துண்டு மேட்டை அப்பிவிட்டுப் போவது ஒட்டு ஆகாது. ஒரு பருவத்தில் பெயர்ந்து வரும்.

பழைய பாகத்தில் எத்தனை அடுக்கு, என்ன மேட் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு ஒரு அருமையான வழி இருக்கிறது, எரித்துப் பார்ப்பது. எப்படியும் பயன்படாத உடைந்த ஓரத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டுங்கள். மேலே உள்ள வண்ணப் பூச்சை, அதாவது ஜெல் கோட்டைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். வீட்டை விட்டு விலகி, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று எரியுங்கள். கறுப்புப் புகை வரும், அதைச் சுவாசிக்கக் கூடாது. ரெசின் எரிந்துபோகும், கண்ணாடி இழை எரியாமல் அப்படியே நிற்கும்.

ஆறியதும் அடுக்கடுக்காகப் பிரித்தால் எல்லாம் தெரியும். தாறுமாறாகக் கிடக்கும் சிறு இழைகள் மேட். பாய் முடைந்ததுபோல இருந்தால் வோவன். பிறகு அந்த இழையைச் சின்னத் தராசில் நிறுத்து 400-ஆல் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டரில் அந்தத் துண்டு 400 அடங்கும் அல்லவா? எங்கள் எஞ்சின் மூடியில் 3 கிராம் நின்றது. 3 இன்ட்டு 400, அதாவது சதுர மீட்டருக்கு 1,200 கிராம் கண்ணாடி. மூன்று அடுக்கு பிரிந்தது. ஒரு 300 கிராம் மேட், இரண்டு 450 கிராம் மேட். கணக்கு அப்படியே பொருந்தியது. முப்பது வருடத்துக்கும் மேல் பழைய வேலை, செய்தவர் யாரென்று தெரியாது. ஆனால் அவர் கை வைத்த அடுக்குகளை எண்ணியபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

எந்த ரெசின் வாங்குவது?

மேல்தளத்துக்கு மேலே இருக்கும் மூடி, மேசை, இருக்கை போன்றவற்றுக்கு சாதாரணப் பாலியெஸ்டர் போதும். தண்ணீருக்குள் இருக்கும் பாகம் என்றால் ஐசோ ரெசின் அல்லது வினைல் எஸ்டர். சாதாரண ரெசினில் காலப்போக்கில் நீர் ஊறி, கொப்புளம் கிளம்பும்.

பழைய உடலோடு புதிய பாகத்தை ஒட்ட வேண்டிய இடத்தில் எபாக்சி நல்லது, பிடிப்பு அதிகம். ஆனால் இரண்டு எச்சரிக்கை. சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் என்ற கரைப்பானில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. மேட் விறைப்பாகவே நிற்கும், மூலையில் படியாது. எபாக்சிக்கு நெய்த துணி அல்லது தையல் துணி வாங்குங்கள். அடுத்து, எபாக்சியின் மேல் ஜெல் கோட் ஒழுங்காகப் பிடிக்காது. எபாக்சி போட்ட இடத்துக்குப் பெயின்ட்தான்.

என் போட்டில் எண்ணெய் ஊறியிருக்கிறது. தேய்த்துவிட்டு ஒட்டினால் பிடிக்குமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குப்பம் பக்கம் போட்டு, வலை, கயிறு எல்லாம் தார் பூசியதுபோல் ஆனது. அதற்குப் பிறகு எங்கள் கொட்டகைக்கு வந்த போட்டுகளில் ஒட்டு பெயர்ந்தவை பல. காரணம் ஒன்றுதான். முதலில் கிரைண்டர் வைத்துவிட்டார்கள். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால், சூட்டில் அது இளகி, தேய்த்த கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வரிசை இதுதான். முதலில் சுரண்டுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். சோப்புத்தூள் போட்டு பிரஷ்ஷால் நன்றாகக் கழுவுங்கள், இரண்டு மூன்று தடவை. பிறகு ஒரு மக் நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தகடுபோல் படர்ந்து வழிந்தால் சுத்தம். சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோல் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அசிட்டோன் தொட்ட சுத்தமான துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை மாற்றி மறுபடி துடைத்து, அதற்கு அப்புறம்தான் 40-ஆம் நம்பர் உப்புத்தாளோ கிரைண்டரோ.

எண்ணெய் படாத போட்டுக்கும் இதே வரிசைதான். பழைய போட்டில் டீசல் இருக்கும், மீன் கொழுப்பு இருக்கும், பாலிஷ் போட்ட மெழுகு இருக்கும்.

உடைந்த மூடியை மாதிரியாக எப்படித் தயார் செய்வது?

துண்டுகளைச் சேர்த்து வைத்து, பின்பக்கம் மெல்லிய பிளைவுட் பட்டைகளை ரெசினாலும் மேட்டாலும் ஒட்டி நிறுத்துங்கள். மாதிரிக்குப் பின்பக்க அழகு வேண்டாம், அசையாமல் நின்றால் போதும். துண்டே இல்லாத இடத்தில் பின்னால் ஒரு தகட்டை முட்டுக் கொடுத்து, முன்னால் கார் பட்டறையில் போடும் பட்டியை நிரப்புங்கள். தனியாக வைத்துத் தேய்க்காமல் மூடியைப் போட்டின் மேலேயே வைத்துத் தேய்ப்பது எங்கள் வழக்கம். உடைந்த பாகம் முறுக்கிக்கொண்டு இருக்கும். போட்டின் மேல் உட்கார வைத்தால்தான் அதன் உண்மையான வடிவம் தெரியும்.

இங்கே அவசரப்படாதீர்கள். மாதிரியின் மேல் மேட்டும் ரெசினும் போட்டு எடுக்கும் அச்சுதான் மோல்டு, அதற்குள் வார்ப்பதுதான் புதிய பாகம். மாதிரியில் இருக்கும் ஒரு கீறல் மோல்டில் வரும், மோல்டிலிருந்து பாகத்தில் வரும். பட்டியை 80, 120, 220 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாகப் பாலியூரித்தேன் பெயின்ட் அடித்து, 400, 800, 1200 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போடுங்கள். சாதாரண எனாமல் பெயின்ட் வேண்டாம், ஸ்டைரீன் பட்டதும் அது சுருங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும். ஒரு பருத்தித் துணியைக் கைக்கு அடியில் வைத்துத் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

வடிவத்தில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இட்லித் தட்டின் குழி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால்தான் இட்லி கழன்று வருகிறது. உங்கள் மாதிரியின் சுவர்களும் அப்படி லேசாகச் சரிந்திருக்க வேண்டும். நேர் செங்குத்தாக இருந்தால் பாகம் மோல்டில் மாட்டிக்கொள்ளும். எங்காவது சுவர் உள்வாங்கி இருந்தால், மோல்டை இரண்டு துண்டாகச் செய்து நடுவில் போல்ட் போட்டு இணைக்க வேண்டியிருக்கும்.

மாதிரியைத் தெர்மோகோலில் செய்யலாமா? வெட்டுவது சுலபமாயிற்றே.

கூடாது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். உங்கள் கண் முன்னாலேயே சர்க்கரைபோல் போய்விடும். மஞ்சள் நிற பியூ ஃபோம் கரையாது, அதை வாங்குங்கள்.

மாதிரியே இல்லை. தட்டையான, பெட்டி போன்ற பாகம்தான் வேண்டும். சுருக்கு வழி உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. சன்மைக்கா ஒட்டிய பிளைவுட். சமையலறை அலமாரிக்கு ஒட்டும் பளபளப்பான சன்மைக்காவேதான். அதன் மேல் மெழுகு போட்டால் ரெசின் ஒட்டாது, அதன் பளபளப்பு அப்படியே பாகத்துக்கு வந்துவிடும். எனவே மாதிரி செய்து அதிலிருந்து மோல்டு எடுக்கும் வேலை மிச்சம். பெட்டியின் உட்பக்கம் பளபளப்பாக வரும்படி பலகைகளைத் திருகி நேரடியாக மோல்டாகவே கட்டிவிடலாம். எங்கள் ஸ்டீயரிங் மேசை அப்படித்தான் பிறந்தது.

மூலைகளைக் கூராக விடாதீர்கள். கூர்மூலையில் மேட் படியாது, காற்று நிற்கும், பிறகு அந்த இடம்தான் முதலில் விரியும். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை மூலையில் உருட்டி வைத்து, அளவான கோலிக்குண்டு ஒன்றை அழுத்தி இழுத்தால் அழகான வளைவு கிடைக்கும். ஓரத்தில் பிதுங்கியதை நகத்தால் எடுத்துவிடுங்கள். எல்லாத் திருகுகளையும் வெளியிலிருந்து போடுங்கள். பாகம் வரவில்லை என்றால் மோல்டையே கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

மோல்டு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்?

செய்யப்போகும் பாகத்தைப்போல இரண்டு மடங்காவது. முதலில் டூலிங் ஜெல் கோட் (மோல்டுக்கென்றே வரும் ஜெல் கோட்), அதன் மேல் ஒரு 300 கிராம் மேட், ஒரு நாள் இடைவெளி, பிறகு ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் ஏற்றினால் சூடு ஏறி, ரெசின் சுருங்கி, மோல்டு முறுக்கிக்கொள்ளும். முதுகில் பாதியாக அறுத்த பிவிசி குழாயை வைத்து மேல் மேட் போட்டால் நல்ல விலா எலும்பு கிடைக்கும். மாதிரியிலிருந்து ஒரு வாரம் கழித்துப் பிரியுங்கள்.

பாகம் மோல்டில் ஒட்டிக்கொண்டது. என்ன செய்வது?

முதலில் அடிக்காதீர்கள். விளிம்பைச் சுற்றி மர ஆப்புகளை, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். இடைவெளி கிடைத்ததும் தண்ணீர் ஊற்றுங்கள். பாகம் ஒட்டாமல் இருக்க மெழுகின் மேல் பூசும் பிவிஏ என்ற திரவத்தைப் பூசியிருந்தால், அது தண்ணீரில் கரைந்து வழி விடும். ரப்பர் சுத்தியலால் மோல்டின் முதுகில் தட்டுங்கள். இரும்புத் திருப்புளி வேண்டவே வேண்டாம்.

எங்களுக்கு ஒரு முறை நடந்தது. எஞ்சின் மூடியின் முதல் வார்ப்பு. புது மோல்டுக்கு மெழுகு ஐந்து கோட் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். அன்று மழை வருமோ என்று பயந்து, இரண்டு கோட்டோடு பிவிஏயைத் தடவி ஆரம்பித்துவிட்டேன். மூலைகளில் பிவிஏ சரியாகப் படவில்லை. வலது பின்மூலை மோல்டோடு ஒன்றாகிவிட்டது. கடைசியில் மோல்டின் ஜெல் கோட் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து பாகத்தோடு வந்தது. மூன்று வார வேலையில் ஒரு வாரம் அதைச் சரிசெய்யவே போனது. அதிலிருந்து நாங்கள் மெழுகு போடும் நாளையும் வார்க்கும் நாளையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறோம்.

கேட்டலிஸ்ட் எவ்வளவு? கண்ணளவு போதுமா?

போதாது. கேட்டலிஸ்ட் என்பது ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் திரவம். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். நம் வெயிலுக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 கிராமே போதும். ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்காதீர்கள். ரெசின் கட்டியானதுபோல் தெரியும், உள்ளே கடைசிவரை முழுதாக வேகாது. வேகமாக இறுகுகிறது என்றால் கேட்டலிஸ்ட்டைக் குறைக்காமல் கலக்கும் அளவைக் குறையுங்கள். அரை கிலோ அரை கிலோவாகக் கலக்குங்கள், குவளையில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றுங்கள். ஆழமான குவளையில் சூடு தேங்கி, புகைந்து, பிளாஸ்டிக்கே உருகிவிடும்.

இப்போது சொல்வதை மிகவும் கவனமாகப் படியுங்கள். சில ரெசினுக்குக் கோபால்ட்டைத் தனியாகத் தருவார்கள், இறுகுவதை வேகப்படுத்தும் ஊதா நிறத் திரவம். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாக ஒன்றோடு ஒன்று சேரவே கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி முழுதாகக் கலக்குங்கள். அது கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே அளவுக் குடுவையைப் பயன்படுத்தாதீர்கள், ஒரே அலமாரியில் அருகருகே வைக்காதீர்கள். முடிந்தால் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி மாட்டாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு மக்கும் எப்போதும் இருக்கட்டும். பட்டுவிட்டால் அந்த நொடியே கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ ஆரம்பியுங்கள். கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் ஆட்டோ பிடித்துப் போய் அங்கே கழுவிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

மூக்குக்குத் துணி கட்டுவது ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் கேட்ரிஜ் வைத்த முகமூடி வேண்டும். தேய்க்கும்போது தூசிக்கான முகமூடியும் முழுக்கைச் சட்டையும். அரிப்புக்குச் சொறியாமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், குழந்தைகளின் சட்டையில் ஊசி ஏறும்.

வட சென்னை வெயிலிலும் ஈரத்திலும் எப்போது வார்ப்பது நல்லது?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை எனக்குப் பிடித்த காலம். பனி விலகிய பிறகு காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம். பிற்பகல் கடல்காற்று ஏறினால் ஈரமும் உப்பும் சேர்ந்து வரும். பிரித்து வைத்த மேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரெசின் பட்டதும் பால் வெள்ளையாக நிற்கும். மேட் சுருளை எப்போதும் பாலித்தீனில் சுற்றி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வார்க்க வேண்டாம், மாதிரி தேய்க்கும் வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஸ்டைரீன் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை 31 டிகிரியை ஒட்டியே. தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு காலையிலேயே வந்துவிடும். பக்கத்தில் பீடி, வெல்டிங், கிரைண்டர் பொறி எதுவும் கூடாது. கேட்டலிஸ்ட் பட்ட துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். அவற்றைத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையேறும். அந்தச் சமயத்தில் ஆளும் கிடைக்க மாட்டார்கள், ரெசினுக்கும் தட்டுப்பாடு வரும். பொருளை முன்பே வாங்கி வையுங்கள். ஆனால் ரெசின் நாள்பட்டால் டப்பாவிலேயே கட்டியாகும், ஒரு வருடத்துக்கெல்லாம் சேர்த்து வைக்காதீர்கள்.

ஜெல் கோட் முதலைத் தோல்போல் சுருங்கிவிட்டது. ஏன்?

மெல்லிசாகப் போட்டிருப்பீர்கள், அல்லது அது இறுகும் முன்பே மேட் ரெசினை ஊற்றியிருப்பீர்கள். சரியாக வேகாத ஜெல் கோட்டை அடுத்து வரும் ரெசினின் ஸ்டைரீன் ஊறவைத்துச் சுருக்கிவிடும். அரை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும், சதுர மீட்டருக்கு 600 கிராம்போல் ஆகும். பிரஷ்ஷால் இரண்டு கோட், இரண்டாவதைக் குறுக்குத் திசையில். விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில்தான் முதல் மேட்.

எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்?

எங்கள் எஞ்சின் மூடியை வைத்தே கணக்குப் போடுகிறேன். நீளம் 90, அகலம் 70, உயரம் 60 சென்டிமீட்டர். மேல்பக்கமும் நான்கு சுவர்களும் சேர்த்தால் 2.55 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1,200 கிராம் கண்ணாடி என்றால் கிட்டத்தட்ட 3 கிலோ மேட், வெட்டில் போவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட வையுங்கள். மேட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டேகால் மடங்கு ரெசின், ஆக 7 கிலோ. பிரஷ்ஷில், தட்டில் போவதற்குச் சேர்த்து 8 கிலோ. ஜெல் கோட் ஒன்றரை கிலோ. வோவன் துணிக்கு அதன் எடை அளவு ரெசினே போதும்.

ரெசின் அதிகம் போட்டால் பலம் அதிகம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பலம் கண்ணாடியில்தான் இருக்கிறது. ரெசின் குளமாக நின்றால் அந்த இடம் மொறுமொறுவென்று உடையும். மேட் முழுக்கக் கண்ணாடிபோல் தெளிந்து, மேலே ரெசின் மினுமினுக்காமல் இருக்கும் வரை இரும்பு ரோலரால் காற்றை வெளியேற்றுங்கள். வார்த்த பாகம் தோல்போல் இருக்கும் பதத்திலேயே கூரான கத்தியால் விளிம்பை வெட்டிவிட்டால், பிறகு கிரைண்டர் தூசி சாப்பிட வேண்டியதில்லை.

மூடியின் மேல் ஏறி நிற்கும்படி பலமாக வேண்டும். நடுவில் என்ன வைப்பது?

12 மில்லிமீட்டர் ஃபோம் அல்லது ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். பிளைவுட்டைக் கையகலச் சதுரங்களாக அறுத்து, இடைவெளியில் ரெசின் பட்டி நிரப்பி வையுங்கள். ஒரு இடத்தில் தண்ணீர் இறங்கினாலும் அந்தச் சதுரத்தோடு நிற்கும். தண்ணீர் இறங்குவது எப்போதும் திருகுத் துளை வழியாகத்தான். கீல் வரும் இடத்தில் துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சிப் பட்டியால் அடைத்து, இறுகியதும் அதன் நடுவில் சரியான அளவுக்குத் துளையிடுங்கள். திருகு மரத்தையே தொடாது. பழைய மூடிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு மக்கல் இந்த ஒரு காரணத்தால்தான் என்பது என் அனுபவம்.

பழைய நிறத்தோடு எப்படிப் பொருத்துவது?

வெயில் பட்ட இடத்தைப் பார்த்து நிறம் சேர்க்காதீர்கள். ஒரு கொக்கியைக் கழற்றினால் அடியில் பழைய நிறம் இருக்கும். அல்லது ஒரு இடத்தைத் தேய்த்துப் பாலிஷ் போடுங்கள். சிறு சிறு வில்லைகளாக வார்த்து, இறுகிய பிறகு, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு. எத்தனை கிராம் நிறம் என்று எழுதி வையுங்கள்.

எதையெல்லாம் செய்யக் கூடாது?

பெட்ரோல் டேங்க் செய்யாதீர்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரணப் பாலியெஸ்டரை எத்தனால் இளக்கும், அது எஞ்சினுக்குள் போகும், டேங்கும் கசியும். வெளிப்புற எஞ்சின் தொங்கும் பின்பலகையை முதல் வேலையாக எடுக்காதீர்கள். நான்கைந்து மூடிகள் செய்து கை படிந்த பிறகு, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அது கடலில் கழன்றால் உயிர் போகும்.

செய்த மூடியை எப்போது போட்டில் மாட்டலாம்?

அசிட்டோன் தொட்ட துணியால் உட்பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் வேகவில்லை. கடைசி அடுக்கில் மெழுகு கலந்த ரெசின் போடாவிட்டால் காற்றுப்பட்ட பக்கம் பல நாள் பிசுபிசுப்பாகவே இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். நாங்கள் வார்த்த பாகத்தை அதன் இடத்திலேயே வைத்து, அழுத்தம் எதுவும் கொடுக்காமல் ஒரு வாரம் விடுகிறோம். அந்த ஒரு வாரத்தில் அது எந்த வடிவில் உட்காருகிறதோ அதே வடிவில்தான் நிலைக்கும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.

பிறகு துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டிரில்லை முதலில் பின்னோக்கிச் சுழலவிட்டு ஜெல் கோட்டைக் கடந்து, அப்புறம் முன்னோக்கிச் சுழற்றுங்கள், விளிம்பு சிதறாது. துளை வாயைக் கொஞ்சம் சரித்துவிட்டு, சீலன்ட் வைத்து, 316 ரக எவர்சில்வர் திருகு போடுங்கள். முதலில் பாதி இறுக்கம். சீலன்ட் காய்ந்த மறுநாள் மீதி இறுக்கம்.